ஆறு பேர் பாடு வைத்த சைக்கிள்

1

“திங்கள் – மணி. செவ்வாய் – தேசிங்கு. புதன் – ஆறுமுகம். வியாழன் – சேகர். வெள்ளி – பெரிய பாபு. சனி – சின்ன பாபு. ஞாயிறு – எண்ணெய்.”

தாள் இவ்வளவுதான் சொல்கிறது. நாற்பது பக்க நோட்டின் நடுவிலிருந்து கிழித்தது. பின் குத்திய இரண்டு ஓட்டைகளைச் சுற்றித் துரு. நீல மை. எழுத்து என் நைனாவுடையது. எங்கள் பக்கத்தில் அப்பாவை நைனா என்போம். தாளில் ஆண்டு இல்லை, மாதமும் இல்லை. தேதி போடாத தாளைக் கையில் வைத்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியாது. அக்கா எட்டாம் வகுப்பும் நான் ஐந்தாம் வகுப்பும் முடித்த கோடை அது. ஆக, நாற்பத்தோரு ஆண்டுகள். மாதம் சித்திரையாகத்தான் இருக்க வேண்டும், ஏனென்றால் ஏரி ஓரம் வற்றியிருந்தது.

பட்டியலில் உள்ள சேகர் நான். மற்ற ஐவரும் பெரியப்பா, சித்தப்பா, அத்தை வீட்டுப் பிள்ளைகள். நான் இப்போது நெதர்லாந்தின் வடக்கே, கடல் தடுப்புக் கரைக்குப் பின்னால் இருக்கும் ஒரு சிற்றூரில் வசிக்கிறேன். துறைமுகத்தில் படகு இயந்திரங்களைப் பழுது பார்க்கும் வேலை. வந்து இருபத்திரண்டு ஆண்டுகள்.

இந்த ஆண்டு பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, என் அக்கா கஸ்தூரி இந்தத் தாளை போனில் படம் எடுத்து அனுப்பினாள். கூடவே ஒரு குரல் பதிவு. நான் அதை எழுத்தில் இறக்கி வைத்திருக்கிறேன்:

“டேய் சேகரு, நைனா பொட்டிய கெளறுனேன், இது கெடச்சிது. ஏழு நாள்ல ஆறு நாள் உங்களுக்கு, ஒரு நாள் எண்ணெய்க்கு. எனக்கு இன்னா? மே மாசம் ஸ்கூல் லீவு. நான் அங்க வரேன். வந்து சைக்கிள் உடறேன். ரெடி பண்ணி வையி.”

அக்காவுக்கு வயது ஐம்பத்து நான்கு. பழவேற்காட்டில் ஒரு பள்ளியின் சத்துணவுக் கூடத்தில் சமைக்கிறாள். அதுவரை விமானம் ஏறியதில்லை. சைக்கிளும் ஏறியதில்லை.

2

எங்கள் குப்பம் பழவேற்காடு ஏரிக்குள், பசியாவரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. அன்று படகில்தான் போக வேண்டும். குப்பத்துக்குள் மணல்தான், சாலை கிடையாது. அப்படிப்பட்ட ஊருக்கு நைனா ஒரு இருபத்திரண்டு அங்குல கறுப்பு சைக்கிளைப் படகில் ஏற்றிக் கொண்டுவந்தார்.

அதற்கு முன் அந்த சைக்கிள் அக்கரையில், பஜாரில் ஒரு கடைவாசலில் நிற்கும். நைனா இறாலைக் கூடையில் கட்டி அதில் பொன்னேரி ரயில் நிலையம் வரை மிதிப்பார். பிறகு வேன்கள் வந்தன, சைக்கிளுக்கு வேலை போயிற்று. “சும்மா நிக்கிற பொருளு துருப்புடிக்கும், பசங்களாவது ஏறி மிதிக்கட்டும்” என்று கொண்டுவந்துவிட்டார். இறக்கிய அன்றே ஆறு பையன்களும் அடித்துக்கொண்டோம். மணியின் பல் ஒன்று போயிற்று. பால் பல்தான் என்று அவன் இன்றும் சொல்கிறான். எனக்குச் சந்தேகம் உண்டு.

ஏரியில் பாடு என்று ஒரு முறை உண்டு. மீன் நன்றாக விழும் இடங்கள் சில. வலை போடுகிற குடும்பங்கள் பல. எந்த இடத்தில் யார் எந்த நாள் வலை போடுவது என்று சீட்டுப் போட்டு, வரிசை வைத்துக்கொள்வார்கள். உன் பாடு வந்தால் அந்த இடம் அன்று உன்னுடையது. மற்றவன் அந்தப் பக்கம் படகைத் திருப்ப மாட்டான். காற்று சரியில்லாமல் உன் நாள் வீணானால் வீணானதுதான், அடுத்த முறை வரும்வரை காத்திரு. நைனா எங்கள் சண்டையைப் பார்த்தார். ஆறு சீட்டு எழுதி ஒரு தூக்குச்சட்டியில் போட்டுக் குலுக்கினார். சைக்கிளுக்குப் பாடு வைத்தாயிற்று. ஞாயிறு அதற்கு எண்ணெய் போடுகிற நாள்.

பாடு வரிசையில் பெண்களுக்குப் பங்கு கிடையாது. ஆகவே அக்காவின் பெயரில் சீட்டு எழுத வேண்டும் என்று நைனாவுக்குத் தோன்றவில்லை. எங்கள் ஆறு பேருக்கும் தோன்றவில்லை. இதை நான் நியாயப்படுத்தவில்லை, நடந்ததைக் குறிக்கிறேன்.

சித்திரை, வைகாசியில் ஏரியின் ஓரம் வற்றிப் போகும். சேறு காய்ந்து சிமெண்டுத் தரை மாதிரி இறுகிவிடும், மேலே உப்பு வெள்ளையாகப் பூத்திருக்கும். கண்ணுக்கு எட்டிய தூரம் மேடு பள்ளம் இல்லை, மரம் இல்லை, எதிரே வண்டி இல்லை. சைக்கிள் கற்க அதைவிட நல்ல இடத்தை நான் இன்றுவரை பார்த்ததில்லை. எங்களுக்குச் சீட் எட்டாது. பார் கம்பிக்கு அடியில் காலை நுழைத்து, உடம்பை ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு அரைப்பெடல். பின்னால் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடி வரும் ஆள் ஒன்று வேண்டும். அது கஸ்தூரி. குடம் சுமந்து உரமேறிய கை. ஆறு நாளும் ஆறு பேருக்கும் பின்னால் அவள்தான் ஓடினாள். “கீய பாக்காத, தூரமா பாரு” என்று கத்திக்கொண்டே வருவாள். எந்த நொடியில் கையை விட வேண்டும் என்று அவளுக்கு எப்படியோ தெரியும். ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் போட்டதும் அவள்தான்.

ஆக, ஏறத் தெரியாத ஒருத்தி ஆறு பேருக்கு சைக்கிள் கற்றுக்கொடுத்தாள். இதில் செவ்வாய்க்கிழமைக்காரரான தேசிங்கு, அத்தை மகன், பிற்பாடு அவளையே கல்யாணம் செய்துகொண்டார்.

ஒரு புதன்கிழமை மாலை அவள் என்னிடம் தனியாகக் கேட்டாள்: “நாளிக்கு உன் பாடுதான? காலீல ஒரு வாட்டி குடுடா. யாரும் எழுந்துக்கறதுக்கு முன்ன.” நான் சரி என்றேன். மறுநாள் விடியுமுன் எழுந்து, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டேன். அவள் வருகிறாளா என்று பார்க்கவில்லை. அன்று முழுக்க நான் மட்டுமே ஓட்டினேன். அந்த ஆண்டு மழை சீக்கிரம் வந்தது, தரை முழுகியது. சைக்கிள் கொட்டகையிலேயே துருப்பிடித்து அடுத்த கோடைக்குள் செத்தது.

நாற்பத்தோரு ஆண்டுகள் இதை யாரிடமும் சொல்லவில்லை.

3

அழைப்புக் கடிதத்துக்காக நகராட்சிக்குப் போனேன். படிவத்தில் அக்காவின் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம். எங்களுக்குக் குடும்பப் பெயர் இல்லை, தலைப்பெழுத்துதான் என்று விளக்கினேன். எழுத்தர் பொறுமையான மனிதர். என் பெயரில் நைனா பெயர் குடும்பப் பெயராக ஏறியிருக்கிறது. அக்காவின் பாஸ்போர்ட்டில் அந்த இடத்தில் அவள் கணவர் பெயர். “அப்படியானால் நீங்கள் இருவரும் உடன்பிறந்தவர்கள் என்பதற்கு என்ன ஆதாரம்?” என்று கேட்டார். இருவருக்கும் ஒரே மூக்கு என்பதைத் தவிர என்னிடம் அப்போது ஆதாரம் எதுவும் இல்லை. பிறகு பிறப்புச் சான்று, அதன் மொழிபெயர்ப்பு, மொழிபெயர்ப்பாளர் மொழிபெயர்ப்பாளர்தான் என்பதற்கு ஒரு முத்திரை. மொத்தம் பதினேழு தாள்கள். அடுக்கி, எண் போட்டு வைத்திருக்கிறேன்.

சென்னையில் விசா நேர்காணலில் அக்காவிடம் எதற்குப் போகிறீர்கள் என்று தமிழிலேயே கேட்டிருக்கிறார்கள். “தம்பியைப் பார்க்க” என்று சொல்லச் சொல்லி இரண்டு முறை போனில் ஒத்திகை பார்த்திருந்தோம். அவள் சொன்னது:

“சைக்கிள் ஓட்டறதுக்கு சார்.”

“இந்தியாவுல சைக்கிள் இல்லியாம்மா?”

“கீது சார். என் மொற வரல.”

விசா கிடைத்தது. மே 4 முதல் மே 29 வரை, இருபத்தைந்து நாள். ஜூனில் பள்ளி திறப்பதற்குள் அவள் அடுப்புக்குத் திரும்ப வேண்டும்.

4

மார்ச், ஏப்ரல் மாலைகளை நான் கொட்டகையில் கழித்தேன். அந்த சைக்கிளை அப்படியே மறுபடி செய்துவிடுவது என்று முடிவு. வாக்குக் கொடுத்த சைக்கிளையே அவள் கையில் கொடுக்க வேண்டும்.

பழைய கறுப்பு ஆண்கள் சைக்கிள் ஒன்று இங்கே சுலபமாகக் கிடைத்தது. மற்றதற்கெல்லாம் சான்று தேட வேண்டியிருந்தது. எனக்குக் கிடைத்த ஒரே படம் பெரியப்பா மகள் கல்யாணத்தில் எடுத்தது. மணப்பெண்ணின் இடது தோளுக்குப் பின்னால் பின்சக்கரத்தில் பாதியும் கேரியரில் கால்வாசியும் தெரிகின்றன. மட்கார்டில் கோடு என்ன நிறம் என்று மற்ற ஐவருக்கும் போன் செய்தேன். மூவர் சிவப்பு என்றார்கள். ஆறுமுகம் மஞ்சள் என்றான். சின்ன பாபு கோடே கிடையாது என்றான், “வேல வெட்டி இல்லியா உனுக்கு? வெள்ளக்காரன் சம்பளம் எதுக்குக் குடுக்கறான்?” என்றும் கேட்டான். பெரும்பான்மையை ஏற்றுச் சிவப்புக் கோடு போட்டேன். மஞ்சள் கட்சியின் கருத்தும் என் குறிப்பேட்டில் பதிவாகியிருக்கிறது.

பின்சக்கரத்தின் இரு பக்கமும் நைனா பழைய நைலான் வலையைக் கட்டியிருப்பார், லுங்கி மாட்டாமல் இருக்க. இந்த ஊரிலும் அதே இடத்தில், பாவாடையும் கோட்டும் மாட்டாமல் இருக்க, ஒரு மறைப்பு விற்கிறார்கள். அதை வாங்காமல் நானே உட்கார்ந்து வலை முடிந்தேன். மூன்று மாலைகள் ஆயின. சைக்கிள் கடைக்காரப் பெண் அதைத் தொட்டுப் பார்த்து, இது மதச் சடங்கா என்று மரியாதையாகக் கேட்டாள்.

அடுத்தது எண்ணெய். படகின் மரத்துக்குப் பூசுகிற மீன் எண்ணெயைத்தான் நைனா சைக்கிளுக்கும் பூசுவார், செயினிலிருந்து பார் கம்பி வரை. உப்புக் காற்றுக்கு அவருக்குத் தெரிந்த மருந்து அது ஒன்றுதான். எங்கள் குப்பத்தில் யாருக்கும் வாசனை தெரியவில்லை. பொன்னேரியில்தான் தெரிந்தது என்று பிற்காலத்தில் கேள்விப்பட்டேன். நான் மருந்துக் கடையில் நான்கு பாட்டில் மீன் எண்ணெய் வாங்கினேன். “எத்தனை குழந்தைகள்?” என்று கேட்டார்கள். ஒன்று என்றேன். அப்படியானால் அளவு அதிகம் என்று எச்சரித்தார்கள்.

பூசிய மறுநாள் காலை கொட்டகை வாசலில் மூன்று பூனைகள். ஒன்று பக்கத்து வீட்டுடையது. மற்ற இரண்டும் எங்கிருந்து வந்தன என்று தெரியவில்லை. என் மகள் இனியாவுக்குப் பதினாறு வயது. அவள் கதவைத் திறந்து, மூக்கை மூடிக்கொண்டு, இந்த ஊர் மொழியில் ஏதோ சொன்னாள். தமிழில் சொல் என்றேன். சிறிது யோசித்து, “அப்பா, உங்க சைக்கிள் இறந்துபோன வாசனை அடிக்குது” என்றாள். அவளுடைய தமிழ் அந்த அளவில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை போனில் பேசுகிற தமிழ். “சாப்டீங்களா, நல்லா இருக்கேன்” என்பதற்கு மேல் வேலை வைக்காத தமிழ்.

5

மே 4, ஞாயிறு. அக்கா இரண்டு பெட்டிகளோடு இறங்கினாள். ஒன்றில் துணி, ஒன்றில் கருவாடு. வீட்டுக்கு வந்ததும் காபிகூடக் குடிக்கவில்லை.

“எங்கடா வண்டி?”

கொட்டகைக் கதவைத் திறந்தேன். அவள் உள்ளே ஓர் அடி வைத்து நின்றுவிட்டாள். மூச்சை இழுத்தாள்.

“இன்னாடா இது... நைனா உள்ள நிக்கிறா மாரி கீது.”

நைனா போய்ப் பதினாறு ஆண்டுகள். நாங்கள் இருவரும் கொஞ்ச நேரம் அந்த வாசனையில் நின்றோம். பிறகு அவள் வேலைக்கு இறங்கினாள். வலையில் இரண்டு விரலை விட்டுப் பார்த்தாள். “கண்ணி இன்னா இவ்ளோ பெருசு? இதுல கெளுத்தியே ஓடிப்பூடும். இவனுக்குலாம் எவன் வேல குடுத்தான்?” சிவப்புக் கோட்டைத் தடவி, “இது மஞ்சளு” என்றாள். பிறகு, நாற்பத்தோரு ஆண்டுகளுக்கு முன் எங்களுக்குச் செய்தது போலவே, ஏறுகிறவன் காலுக்கு வசதியாகப் பெடலைப் பின்னோக்கிச் சுற்றி மேலே கொண்டுவரப் பார்த்தாள். பெடல் சுற்றவில்லை. இந்த ஊர் சைக்கிள்களில் பெடலைப் பின்னால் மிதித்தால் அது பிரேக். அவள் மறுபடி அழுத்தினாள். சக்கரம் கல்லாக நின்றது.

“செத்துட்ச்சாடா?”

விளக்கினேன். அவள் முழுதாகக் கேட்கவில்லை. பார் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தன் புடவையைப் பார்த்தாள். பிறகு என்னை.

“ஏன்டா, ரெண்டு மாசமா உக்காந்து செஞ்ச. இத்தினி ஒசரத்துல பார் வெச்சா நான் பொடவையோட எங்க கால தூக்குவேன்?”

கோட்டின் நிறம் வரை விசாரித்தவன் இதை யோசிக்கவில்லை. நான் மறுபடி செய்தது ஆறு பையன்களின் சைக்கிள். அவளால் அன்றும் ஏற முடியாது, இன்றும் ஏற முடியாது.

வாசலில் நின்ற இனியா சொன்னாள்: “அத்தை, என்னோடது எடுத்துக்கோ. அதுல கம்பி இல்ல.”

பெரியவர்களை ‘நீ’ போட்டுப் பேசாதே என்று நான் வாயெடுத்தேன். அக்கா கையைக் காட்டி நிறுத்தினாள். “உட்ரா. ‘ங்க’ போட்டுப் பேசுனா ஆஸ்பத்திரியில ஊசி போட வந்தவ மாரி கீது. நீ காட்டும்மா உன் வண்டிய.”

இனியாவின் பள்ளிச் சைக்கிள் பச்சை நிறம். நடுவில் தாழ்ந்து வளைந்த கம்பி. அக்கா புடவையோடு ஒரு கால் தூக்கி அந்தப் பக்கம் வைத்தாள். வைக்க முடிந்தது.

“சோக்கா கீது” என்றாள்.

6

மறுநாளே பாடு எழுதப்பட்டது. பிரிஜ்ஜில் காந்தம் வைத்து ஒட்டிய தாள், அக்காவின் கையெழுத்து: “திங்கள் முதல் ஞாயிறு வரை – கஸ்தூரி. பிடிக்கிற ஆள் – இனியா.” தேதி போடச் சொன்னேன். போட்டாள். எண்ணெய்க்கு நாள் ஒதுக்கவில்லையா என்று கேட்டதற்கு, “அது உன் வேல” என்றாள்.

இனியா பள்ளியிலிருந்து மூன்றரைக்கு வருவாள். விளையாட்டுத் திடலுக்குப் பின்னால் வண்டிகள் நிறுத்தும் இடம் வாரநாளில் காலியாக இருக்கும். நான் சற்றுத் தள்ளி, குறிப்பேட்டோடு நிற்பேன். கிட்டே வரக் கூடாது என்று உத்தரவு. மே 5: அமர்ந்தாள், நகரவில்லை. மே 6: மழை. மே 7: நான்கு மீட்டர், தூண் பிடித்து நின்றது. மே 10: இரண்டு விழுகை. அக்கா கற்கும்போதே கற்றும் கொடுத்தாள், அதுதான் வேடிக்கை.

“சீட்ட புடிக்காத பாப்பா, கேரியர புடி. சீட்ட புடிச்சா ஓட்டறவளுக்குத் திமிரு வந்துரும்.”

“எப்ப விடணும் அத்தை?”

“நான் சொல்ல மாட்டேன். சொன்னா பயந்துருவேன். உனுக்கே தெரியும்.”

இனியாவுக்குத் தெரியவில்லை. மே 14, புதன்கிழமை, ஒரு நொடி முன்னால் விட்டுவிட்டாள். அக்கா வேலிப் புதரில் போய் விழுந்தாள். முழங்கால் கிழிந்தது, மணிக்கட்டு வீங்கியது. என் மனைவி உமா கட்டுப் போட்டுவிட்டு, ஒரு வாரம் காலை மடக்கக் கூடாது என்றாள். இருபத்தைந்து நாளில் ஒரு வாரம் போனால் மிச்சம் என்ன என்பதை எல்லோரும் மனதுக்குள் கணக்கிட்டோம்.

அன்று மாலை மாமா வீடியோவில் வந்தார். செவ்வாய்க்கிழமைக்காரர். “உயுந்து கால ஒடச்சிக்கினு வந்தா ஸ்கூல் பசங்களுக்கு யாரு சோறாக்குறது?”

“நீ ஆக்கு.”

“நான் ஆக்குனா பசங்க வேற ஸ்கூலுக்குப் பூடுவாங்க.”

“அப்ப வாய மூடு. நீ ரெண்டு வாரம் உயுந்த. நான் ஒரு வாட்டி சிரிச்சனா?”

“தினிக்கும் சிரிச்ச.”

“சரி, சிரிச்சேன்.”

படுக்கையில் கிடந்த அந்த வாரம் அவளும் இனியாவும் என்ன பேசினார்கள் என்று முழுதாகத் தெரியாது. இங்கே பத்து, பதினோரு வயதில் பள்ளியில் சைக்கிள் தேர்வு வைப்பார்கள். அந்தப் பழைய பாடப் படங்களை இனியா எடுத்து வந்து அத்தைக்குச் சாலை விதிகள் நடத்தினாள். இடது கை நீட்டினால் என்ன, வலப்பக்கத்திலிருந்து வருகிறவருக்கு வழி விடுவது எப்போது. பதிலுக்கு அத்தை எதை நடத்தினாள் என்பது சனிக்கிழமை காலை தெரிந்தது. உப்புமாவைப் பார்த்துவிட்டு என் மகள், “இன்னாம்மா, தினிக்கும் இதே பேஜாரா கீது” என்றாள்.

உமா என்னைப் பார்த்தாள். பொன்னேரியில் கல்லூரி விடுதிக்குப் போன முதல் மாதத்திலேயே, சிரிக்கிறார்கள் என்று, நான் நாக்கிலிருந்து கழுவிவிட்ட பேச்சு அது. பதினாறு வருடம் நான் கற்றுக்கொடுத்த அச்சுத் தமிழ் இவளிடம் ஒட்டவில்லை. இது மூன்றே நாளில் ஒட்டிவிட்டது. திருத்தலாமா என்று ஒரு கணம் யோசித்து, உப்புமாவை எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

7

மே 22, வியாழக்கிழமை. கட்டு அவிழ்த்த நாள். அக்காவும் நானும் கடல் தடுப்புக் கரைமேல் இருக்கும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். ஃபிளாஸ்கில் டீ. சைக்கிள் பக்கத்தில் நின்றது. அவள் அதைத் தொடவில்லை. வியாழன் என்பதாலோ என்னவோ நான் சொல்லிவிட்டேன். கொடுத்த வாக்கு, விடியுமுன் எழுந்தது, திரும்பிப் பார்க்காமல் தள்ளிக்கொண்டு போனது, எல்லாம்.

அவள் டீயை ஆற்றிக் குடித்து முடித்தாள்.

“இத்தயா நெஞ்சுல வெச்சிக்கினு இருந்த? இத்தினி வருசமா?”

“ஆமாம்.”

“நான் வரவே இல்லியேடா.”

எனக்குப் புரியவில்லை.

“முந்தின நாள் உன்ன கேட்டேன், வாஸ்தவம். காலீல முழிச்சிக்கினுதான் இருந்தேன். நீ தள்ளிக்கினு போற சத்தம் கேட்டுது. போர்வைய இழுத்துப் போத்திக்கினேன். அப்பாடா, பூட்டான்னு இருந்துச்சி.”

“ஏன்?”

“பயம். ஆறு பேரு உயுந்தத மொத்தமா பாத்தவ நான் ஒருத்திதான். மணி பல்லு போச்சி. பெரிய பாபுக்கு மூஞ்சே கியிஞ்சிது. உங்களுக்கெல்லாம் அவன் அவன் உயுந்ததுதான் தெரியும். எனுக்கு எல்லாம் தெரியும்.” கோப்பையைக் கவிழ்த்து உதறினாள். “பாடு சீட்டுல பேரு இல்லன்னு சொல்லிக்கறது சவுரியமா இருந்துச்சி. இங்க பேரு எயுதியாச்சி. ஏழு நாளும் என்துதான். இன்னமும் பயமாத்தான் கீது.”

சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வீட்டுக்கு வந்தோம். அன்றைய குறிப்பில் தூரம் என்ற கட்டத்தில் பூஜ்யம் எழுதினேன். மிச்சம் ஏழு நாள்.

8

அடுத்த நான்கு நாட்களின் பதிவு இது. வெள்ளி: இருபது மீட்டர், இனியா பிடித்து. சனி: பிடித்து அறுபது. ஞாயிறு: இனியா எப்போது விட்டாள் என்று எனக்கே தெரியவில்லை, தெரிந்தபோது அவள் இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தாள். அக்கா திடலின் மறுகோடி வரை போய், புல்லில் இறங்கி நின்றாள். திங்கள்: மூன்று முறை போனாள். ஒவ்வொரு முறையும் கோடியில் இறங்கி, சைக்கிளைக் கையால் திருப்பிக்கொண்டு வந்தாள். வளைத்துத் திருப்ப அவள் இன்னும் கற்கவில்லை. செவ்வாய் மாலை அதைக் கற்பது என்று ஏற்பாடு.

மே 27, செவ்வாய். காலை ஆறு ஐம்பதுக்கு எழுந்து பார்த்தேன். அவள் படுக்கை மடித்து வைக்கப்பட்டிருந்தது. கொட்டகையில் கறுப்பு சைக்கிள் மட்டும், வாசலில் பூனைகள். பச்சை சைக்கிள் இல்லை. போனை மேஜைமேல் வைத்துவிட்டுப் போயிருந்தாள்.

கறுப்பு சைக்கிளை வெளியே இழுத்தேன். மாடி சன்னலிலிருந்து இனியா குரல் கொடுத்தாள்.

“எங்க போறீங்க?”

“அத்தையைத் தேட.”

“உட்ருப்பா. நீ பின்னால போனா அத்தை திரும்பிப் பாக்கும். பாத்தா உயுந்துரும்.”

தெரு முனை வரை நடந்துபோய் நின்றேன். சாலை நேராகக் கரைக்கு ஏறி, கரைமேலேயே வடக்கே போகிறது. வடக்கிலிருந்து நல்ல காற்று. கரைமேல் யாரும் தெரியவில்லை. ஏழு மணி. ஏழே கால். பள்ளிக்கூடக் குழந்தைகள் கூட்டமாகப் போனார்கள். ஏழு நாற்பதுக்கு உமா வந்து பக்கத்தில் நின்றாள். அவள் வேலைக்குப் போக வேண்டிய நேரம், போகவில்லை. இனியாவும் பள்ளிப் பையோடு வந்துவிட்டாள். அவளுக்குப் போக சைக்கிளும் இல்லை. மூவரும் வடக்கே பார்த்துக்கொண்டு நின்றோம்.

எட்டு மணி பத்து நிமிடத்துக்கு எங்களுக்குப் பின்னால், தெற்கிலிருந்து, சைக்கிள் மணி அடித்தது.

திரும்பினோம். கஸ்தூரி வந்துகொண்டிருந்தாள். முந்தானையை இடுப்பில் இழுத்துச் செருகி, என் கம்பளித் தொப்பியைக் காதுவரை மாட்டி, பார்வையைத் தூரத்தில் வைத்துக்கொண்டு. எங்களைப் பார்த்தும் கையை எடுக்கவில்லை. நாங்கள் விலகி வழிவிட்டோம். தாண்டிப் போய், பெடலைச் சரியாகப் பின்னால் அழுத்தி, நின்றாள். இறங்கி ஸ்டாண்டைப் போட்டாள்.

“எங்கக்கா போன?”

“நேரா.”

“நேரா போனவ எப்படிப் பின்னாலேர்ந்து வர்ற?”

“திருப்பத் தெரியாதே எனக்கு. எறங்குனா மறுபடி ஏற மாட்டன்னு தெரியும். அதான் போய்க்கினே இருந்தேன். அப்புறம் ரோடே திரும்பிச்சி.”

இனியா சிரிக்க ஆரம்பித்து, சாலை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். அக்கா தொப்பியைக் கழற்றி அவள் தலையில் மாட்டினாள். பிறகு என்னிடம், குறிப்பேடு எங்கே என்று கேட்டாள். எடுத்தேன்.

“எயுதிக்க. பாதி வழில ஒத்தன் போய்க்கினு இருந்தான். ஒடம்போட ஒட்டுன ட்ரெஸ்ஸு, தலைக்கு டோப்பா மாரி ஹெல்மெட்டு, ரேஸ் சைக்கிளு. அவன முந்திட்டேன்.”

“எதிர்க்காத்துலயா?”

“காத்து எந்தப் பக்கம் அடிச்சிதுன்னு நான் பாக்கல. முந்துனேன்.”

“அந்தாளு ஓட்டிக்கிட்டிருந்தாரா, நின்னுக்கிட்டிருந்தாரா?”

“கீய பாக்கக் கூடாது, தூரமா பாக்கணும்னு நான்தான்டா உங்களுக்கெல்லாம் சொல்லிக் குடுத்தேன். அவன நான் எதுக்குப் பாக்குறேன்?”

வரைபடத்தில் அளந்தேன். வடக்கே கரை வழியாகப் போய், வயல்களுக்கு உள்ளே திரும்பி, தெற்கு முனையில் ஊருக்குள் நுழையும் அந்தச் சுற்று பதினொன்றரை கிலோமீட்டர். அக்கா மே 29 அன்று புறப்பட்டாள், ஜூன் மாதம் அடுப்பு மூட்டிவிட்டாள். மே 27-க்கு உரிய பதிவை முறைப்படி இங்கே தருகிறேன்: ஓட்டியவர், கஸ்தூரி. பிடித்தவர், யாரும் இல்லை. விழுகை, இல்லை. முந்தியது, ஒருவரை. முந்தப்பட்டவர் அந்தச் சமயத்தில் சைக்கிளை ஓட்டிக்கொண்டிருந்தாரா, அல்லது ஓரமாக நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாரா என்பது மட்டும் இதுவரை உறுதிப்படவில்லை.